ஹோவர்ட் ஃபாஸ்ட்: எதிரியின் வாயால் கதை சொன்னவர்

பண்டைய ரோமில் அடிமைகளின் கலகத்துக்குத் தலைமை தாங்கியவனைப் பற்றி 1960-இல் வந்த 'ஸ்பார்டகஸ்' படத்தைப் பார்த்தவர்களுக்கு எது மறந்தாலும் ஒரு காட்சி மறக்காது. போரில் தோற்று, சங்கிலி மாட்டப்பட்ட அடிமைகள் மலைச்சரிவில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களில் ஸ்பார்டகஸ் யார் என்று அடையாளம் காட்டினால் மற்றவர்கள் சிலுவைக்குத் தப்பலாம் என்கிறார்கள் ரோமானியர்கள். ஸ்பார்டகஸாக நடித்த கிர்க் டக்ளஸ் எழுந்து வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருப்பவன் எழுந்து, 'நான்தான் ஸ்பார்டகஸ்!' என்று கத்துகிறான். அப்புறம் இன்னொருவன். அப்புறம் சரிவு முழுக்க அதே குரல்.

படத்தைப் பார்த்துவிட்டு நாவலைத் தேடிப் போகிறவர்கள் இந்த இடத்தில் ஏமாந்துபோவார்கள். நாவலில் இப்படி ஒரு காட்சியே கிடையாது. அதில் ஸ்பார்டகஸ் போர்க்களத்திலேயே செத்துப்போகிறான். பிணக்குவியலில் அவன் உடல்கூட அகப்படுவதில்லை. ஆனால் நாவலை எழுதியவரின் வாழ்க்கையில் அந்தக் காட்சி உண்டு. பெயர்களைக் கொடு என்று அவரிடமும் கேட்டார்கள். கொடுக்க மறுத்துச் சிறைக்குப் போனார். ஸ்பார்டகஸ் அவர் மனதில் உருவம் பெற்றது அந்தச் சிறையில்தான்.

ஹோவர்ட் ஃபாஸ்ட் 1914 நவம்பர் 11-ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா உக்ரைனிலிருந்து வந்த யூதர். ஃபாஸ்டோவ்ஸ்கி என்ற குடும்பப் பெயர் அமெரிக்காவில் கால் வைத்ததும் ஃபாஸ்ட் என்று சுருங்கிவிட்டது. ஹோவர்டுக்கு எட்டு வயதானபோது அம்மா இறந்துபோனார். அப்பாவுக்கு வேலை பாதி நாள் இருக்கும், பாதி நாள் இருக்காது. கடைக்குட்டித் தம்பியை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, அண்ணனும் ஹோவர்டும் தெருவில் பேப்பர் விற்றார்கள். (உறவினர் வீட்டில் வளர்ந்த அந்தத் தம்பி ஜூலியஸ் ஃபாஸ்ட்தான் பிற்காலத்தில் உடல்மொழி பற்றிப் புத்தகம் எழுதிப் பெரும் புகழ் அடைந்தவர்.) பொது நூலகத்தில் பகுதிநேர வேலை கிடைத்தது ஹோவர்டின் அதிர்ஷ்டம். புத்தகங்களை அலமாரியில் அடுக்கச் சொன்னால் நின்றபடியே படிக்கும் ஜாதி. பதினெட்டு வயதில், 1933-இல், முதல் நாவல் வந்துவிட்டது. அதில் பெரிதாக ஒன்றுமில்லை. பதினெட்டு வயதில் வேறு எப்படி எழுத முடியும்?

அவரை நாவலாசிரியராக ஆக்கியது ஒரு தோல்வி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஃபாஸ்டின் எழுத்தில் மிகச் சிறந்தது எல்லாம் அங்கிருந்து கிளைத்ததுதான் என்பது என் கணிப்பு.

செயன் என்ற பழங்குடி மக்களை அமெரிக்க அரசு அவர்களுடைய வடக்குச் சமவெளியிலிருந்து கிளப்பி, இன்றைய ஓக்லஹோமாவில் கொண்டுபோய் அடைத்து வைத்திருந்தது. அந்த ஊர்ச் சூடு ஒத்துக்கொள்ளவில்லை, மலேரியா வேறு, சொன்ன அளவுக்குச் சாப்பாடும் வந்து சேரவில்லை. 1878-இல் சுமார் 300 பேர், பெண்களும் குழந்தைகளும் கிழவர்களுமாக, சொந்த ஊருக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார்கள். குறுக்கே ரயில் பாதைகள், தந்திக் கம்பிகள், ஆயிரக்கணக்கில் படைவீரர்கள். அத்தனையையும் மீறிப் போனார்கள். வழியில் ஏறக்குறைய பாதிப்பேர் பிடிபட்டார்கள், பலர் செத்தார்கள், ஒரு பகுதியினர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தக் கதையை எழுத ஃபாஸ்ட் மனைவியோடு ஓக்லஹோமாவுக்கே போனார். செயன் மக்களின் மனதுக்குள் புகுந்து, அவர்கள் சொல்வதுபோலவே ஒரு நாவல் எழுதிக்கொண்டு வந்தார். எடுபடவில்லை. பதிப்பாளர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறொரு பதிப்பகத்தில் படித்துப் பார்த்தவர் ஒரு யோசனை சொன்னார்: இதையே வெள்ளைக்காரர்களின் கண் வழியாகச் சொல்லிப் பாருங்களேன். ஃபாஸ்ட் மொத்தத்தையும் மறுபடி எழுதினார். 1941-இல் 'தி லாஸ்ட் ஃபிரான்டியர்' வந்தது.

இந்த நாவலில் செயன் மக்கள் நம்மோடு அதிகம் பேசுவதில்லை. அவர்களை அடைத்துவைத்த முகாமின் அதிகாரி பேசுகிறார். துரத்திப் போகிற ராணுவத் தளபதி பேசுகிறார். வாஷிங்டனில் உள்துறைச் செயலர் கார்ல் ஷூர்ஸ் நாற்காலியில் நெளிகிறார். இந்த ஷூர்ஸ் நிஜ மனிதர்; 1848-இல் ஜெர்மனியில் புரட்சி செய்து, அது தோற்று, உயிர் தப்பி ஓடி வந்தவர். ஒரு காலத்தில் சுதந்திரத்துக்காக ஓடியவர் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, சுதந்திரத்துக்காக ஓடுகிற 300 பேரை என்ன செய்வது என்று கோப்பு பார்க்கிறார். இதை எந்தச் செயன் கதாபாத்திரத்தின் வாயிலும் வைக்க முடியாது. தோற்கிறவனின் நியாயத்தை ஜெயிக்கிறவனின் தூக்கமின்மையில் காட்டுவது என்ற வித்தையை ஃபாஸ்ட் அங்கே கற்றுக்கொண்டார்.

அடுத்த சில வருடங்கள் அவருக்கு ஏறுமுகம். 1943-இல் 'சிட்டிசன் டாம் பெய்ன்'. அமெரிக்கப் புரட்சிக்குத் துண்டுப்பிரசுரம் எழுதித் தீ மூட்டியவரை அழுக்குச் சட்டையும் சாராய நெடியுமாகக் காட்டிய நாவல். 1944-இல் 'ஃப்ரீடம் ரோடு'. உள்நாட்டுப் போருக்குப் பிறகு விடுதலையான ஒரு கறுப்பின அடிமை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்று, நாடாளுமன்றம் வரை போகிற கதை. இது 1979-இல் தொலைக்காட்சிக்குப் போனபோது நாயகனாக நடித்தவர் குத்துச்சண்டை வீரர் முகமது அலி. இதற்கிடையில் உலகப்போர். ஃபாஸ்ட் அரசாங்கத்தின் போர்ச் செய்தி அலுவலகத்தில் வேலை பார்த்தார். நாஜிகள் பிடித்துவைத்திருந்த ஐரோப்பாவுக்கு 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' ஒலிபரப்பிய செய்திகளை எழுதியவர்களில் அவர் முக்கியமானவர். அதே 1943-இல்தான் கம்யூனிஸ்ட் கட்சியிலும் சேர்ந்தார். அன்று ரஷ்யா கூட்டாளி நாடு. அதனால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

போர் முடிந்ததும் காற்று திரும்பியது. கூட்டாளி ரஷ்யா எதிரியானது, கம்யூனிஸ்டுகள் மேல் சந்தேகம் விழுந்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவிடம் தோற்று பிரான்சுக்குள் ஓடிவந்த அகதிகளுக்காக ஓர் உதவிக் குழு நியூயார்க்கில் இயங்கிவந்தது. அதன் நிர்வாகக் குழுவில் ஃபாஸ்டும் ஒருவர். தெற்கு பிரான்சின் துலூஸ் நகரில் இருந்த ஒரு மருத்துவமனைக்குப் பணம் அனுப்புவது அவர்கள் வேலைகளில் ஒன்று. அமெரிக்க நாடாளுமன்றத்தின் 'அமெரிக்க விரோதச் செயல்கள்' விசாரணைக் குழு 1946-இல் இவர்களைக் கூப்பிட்டுக் கணக்குப் புத்தகங்களையும், பணம் கொடுத்தவர்களின் பெயர்களையும் கேட்டது. உதவிக் குழுவில் பெரும்பாலோர் மறுத்துவிட்டார்கள். பெயரைக் கொடுத்தால் கொடுத்தவனுக்கு வேலை போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்த காலம். 1947-இல் நாடாளுமன்ற அவமதிப்பு என்று தீர்ப்பு வந்தது. ஃபாஸ்டுக்கு மூன்று மாதம். மேல்முறையீடு எல்லாம் ஓய்ந்து, 1950 கோடையில் உள்ளே போனார்.

அதே 1947-இல் நியூயார்க் கல்வி வாரியம் 'சிட்டிசன் டாம் பெய்ன்' நாவலைப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுத்துவிட்டது. பிள்ளைகள் படிக்கத் தகாத ஆபாசம் இருக்கிறதாம். நாவலைப் படித்தவர்களுக்கு அந்த ஆபாசத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு வேலைதான்.

மேற்கு வர்ஜீனியா மலைப்பகுதியில் இருந்த மில் பாயிண்ட் சிறைக்கு மதில் கிடையாது. எல்லையைக் காட்டக் குச்சிகள் நட்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஹாலிவுட்டிலிருந்து இதே குற்றத்துக்காக வந்த திரைக்கதாசிரியர் ஆல்பர்ட் மால்ட்ஸும் இயக்குநர் எட்வர்ட் டிமிட்ரிக்கும் அங்கே அவரோடு இருந்தவர்கள். ஃபாஸ்ட் உள்ளே இருப்பது தெரிந்து பாப்லோ நெரூதா அவருக்கு ஒரு கவிதையே எழுதினார். சிறையில் யோசிக்க நேரம் கிடைத்தது. ஸ்பார்டகஸ் என்ற பெயர் இடதுசாரிகளுக்குப் பழக்கமானதுதான். ரோசா லக்சம்பர்க்கும் தோழர்களும் ஜெர்மனியில் தங்கள் அமைப்புக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். கைதியாக இருந்துகொண்டு அந்த அடிமையைப் பற்றி யோசித்தது வேறு மாதிரி இருந்தது. வெளியே வந்ததும் எழுத உட்கார்ந்தார்.

முடித்த நாவலை ஏற்கெனவே தன் புத்தகங்களை வெளியிட்ட பதிப்பகத்துக்கு அனுப்பினார். அங்கே ஆசிரியராக இருந்த அங்கஸ் கேமரனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவரின் ஆள் ஒருவர் வந்து, இதை வெளியிடாதீர்கள் என்று நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுப் போனதாக ஃபாஸ்ட் எழுதியிருக்கிறார். கதவு மூடிக்கொண்டது. மற்ற பெரிய பதிப்பகங்களும் ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. ஒருவர் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினாராம். கடைசியாகப் போன இடத்தில், அந்த நிறுவனத்தின் புத்தகக் கடைகளுக்குப் பொறுப்பாளராக இருந்த ஜார்ஜ் ஹெக்ட் கூட்டத்திலிருந்து கோபத்தோடு எழுந்து வந்து ஃபாஸ்டுக்குப் போன் செய்தார்: 'நீங்களே அச்சடியுங்கள். நான் 600 பிரதி எடுத்துக்கொள்கிறேன்.'

அந்த முதல் பதிப்பில் பதிப்பகத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஆசிரியரின் பெயரே இருக்கும், கூடவே நியூயார்க்கின் ஒரு தபால் பெட்டி எண். சொந்தக் காசில் புத்தகம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட எழுத்தாளர்கள் நமக்கு ஏராளமாகத் தெரியும் என்பதால், இதன் முடிவு கொஞ்சம் பொறாமையைக் கூடக் கிளப்பும். சில மாதங்களிலேயே 40,000 பிரதிகளுக்கு மேல் போயின.

சரி, நாவல் எப்படிப்பட்டது? வாள் சண்டையை எதிர்பார்த்துத் திறந்தால் முதலில் வருவது பணக்காரர்களின் உல்லாசப் பயணம். அடிமைகளின் கலகம் அடக்கப்பட்டு, ரோமிலிருந்து கபுவாவுக்குப் போகிற அப்பியன் சாலை மறுபடி போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டிருக்கிறது. கேயஸ் என்ற இளைஞன், அவன் தங்கை, அவள் தோழி மூவரும் பல்லக்கில் புறப்படுகிறார்கள். சாலையோரத்தில் சிலுவைகள். நிஜ வரலாற்றிலும் கிறிஸ்துவுக்கு முன் 71-இல் சுமார் 6000 பேரை அந்தச் சாலை நெடுக அறைந்து தொங்கவிட்டார்கள். ஏறக்குறைய 200 கிலோமீட்டர். முதல் சிலுவையைப் பார்த்ததும் இளையவர்களுக்கு ஒரு கிளுகிளுப்பு. போகப் போகச் சலித்துவிடுகிறது. பாதையில் வருகிற மைல்கல் மாதிரி ஆகிவிடுகிறது. கொடுமையைச் சொல்ல இதைவிட அமைதியான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ராத்திரி தங்குகிற மாளிகையில் கலகத்தை அடக்கிய தளபதி கிராசஸும், சிசரோவும், கிராக்கஸ் என்ற பருத்த அரசியல்வாதியும் விருந்தாளிகள். சாப்பாடு முடிந்ததும் பேச்சு செத்துப்போன அடிமையைச் சுற்றியே வருகிறது. ஸ்பார்டகஸைப் பற்றி நாம் தெரிந்துகொள்வதில் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது. அவனை விலைக்கு வாங்கிச் சண்டை பழக்கிய பட்டியாட்டஸைக் கிராசஸ் போர் நடுவில் தன் கூடாரத்துக்கு வரவழைத்து, காசு கொடுத்து, அவன் எப்படிப்பட்டவன் என்று கேட்கிறான். குடித்துவிட்டு உளறும் அந்தத் தரகனின் வாயிலிருந்துதான் நூபியாவின் தங்கச் சுரங்கங்கள் வருகின்றன. தண்ணீருக்காக வாய் பிளந்து கிடக்கும் அடிமைகளும் வருகிறார்கள். தன்னிடம் இருந்த சரக்கின் தரத்தை அவன் விவரிக்கிறான். நமக்கு அந்தச் சரக்கின் உள்ளே இருந்த மனிதன் தெரிகிறான்.

ரோமானியர்களால் அந்தப் பெயரை மறக்க முடியவில்லை. கிராசஸ் ஸ்பார்டகஸின் மனைவி வரீனியாவைப் பிடித்துவந்து வீட்டில் வைத்துக்கொண்டு, அவள் அன்பைக் கெஞ்சுகிறான். உலகத்தையே ஜெயித்தவனுக்கு ஓர் அடிமை என்ன சொல்லி இவளை வைத்திருந்தான் என்று தெரியவேண்டும். அவள் சொன்னாலும் அவனுக்குப் புரிவதில்லை. கடைசியில் அவளைத் தப்பவைப்பது கிராக்கஸ். லஞ்சமும் சூழ்ச்சியுமாக வாழ்ந்த கிழவன் அந்த ஒரு காரியத்தைச் செய்துவிட்டுத் தற்கொலை செய்துகொள்கிறான். பத்து வருடத்துக்கு முன் செயன் நாவலில் திருப்பி எழுதக் கற்ற பாடம் இங்கே முழுதாகக் கனிந்திருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ஸ்பார்டகஸ் மனிதனாக இருப்பதைவிடப் பல இடங்களில் மகானாக இருக்கிறான். ஒரு கோபம், ஒரு சபலம், ஒரு தப்புக் கணக்கு காட்டியிருந்தால் என்ன? அடிமைகள் காதலிப்பதெல்லாம் தூய்மை, ரோமானியர்கள் தொட்டதெல்லாம் வக்கிரம் என்று பிரித்துவைக்கிறார். ஓரினச்சேர்க்கையை ரோமின் அழுகலுக்கு அடையாளமாகப் பயன்படுத்தியிருப்பது இன்று படிக்கையில் உறுத்துகிறது. நடுநடுவே மேடைப்பேச்சின் தொனியும் எட்டிப்பார்க்கும். சும்மா எட்டிப்பார்க்கவில்லை, அந்த வருடங்களில் அவர் மேடையிலேயே தான் வாழ்ந்தார். 1949-இல் பீக்ஸ்கில் ஊரில் பாடகர் பால் ராப்சனின் கச்சேரியைக் கும்பல் ஒன்று கல்லும் தடியுமாகத் தாக்கியபோது, அந்தக் கச்சேரிக்குத் தலைமை தாங்க வந்து மாட்டிக்கொண்டவர் ஃபாஸ்ட். 1952-இல் தேர்தலில் நின்று தோற்றார். 1953-இல் ஸ்டாலின் அமைதிப் பரிசு அறிவிக்கப்பட்டது; போய் வாங்கிவரப் பாஸ்போர்ட் இல்லை.

அப்புறம் 1956. ஸ்டாலின் காலத்துக் கொலைகளை, அவருக்குப் பின் வந்த சோவியத் தலைவர் குருஷ்சேவே ஒப்புக்கொண்ட பேச்சு வெளியே வந்தது. ஃபாஸ்டை உடைத்தது அந்தப் பேச்சு மட்டும் என்று சொல்லமுடியாது. சோவியத் எழுத்தாளர் பொரீஸ் பொலெவோயை நமக்கு 'உண்மை மனிதனின் கதை' வழியாகத் தெரியும். கால் இழந்த விமானியின் கதையைப் படித்துக் கண் கலங்கிய தலைமுறை ஒன்று தமிழில் உண்டு. அவர் 1955-இல் அமெரிக்கா வந்திருந்தபோது, லெய்ப் குவித்கோ என்ற, ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழிக் கவிஞர் என்ன ஆனார் என்று அவரிடம் விசாரித்தார்கள். நன்றாக இருக்கிறார், என் அடுக்குமாடிக் கட்டடத்தில்தான் குடியிருக்கிறார் என்றார் பொலெவோய். குவித்கோவை 1952 ஆகஸ்டிலேயே சுட்டுக் கொன்றிருந்தார்கள். உண்மை தெரிந்தபோது ஃபாஸ்டால் தாங்கமுடியவில்லை. 1957-இல் கட்சியைவிட்டு வெளியேறியதை அறிவித்து, 'தி நேக்கட் காட்' என்று ஒரு புத்தகமும் எழுதினார். லட்சக்கணக்கில் அவர் புத்தகங்களை அச்சிட்ட சோவியத் நாட்டின் பத்திரிகைகள் அவரைத் திட்டித் தீர்த்தன. ஆக, வலது பக்கம் துரோகி என்றது, இடது பக்கமும் துரோகி என்றது. பெயர் கொடுக்காமல் சிறைக்குப் போனவர் இப்போதும் பழைய தோழர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்லவேண்டும்.

படம் வந்தது இதற்கப்புறம்தான். ஃபாஸ்ட் எழுதிக்கொடுத்த திரைக்கதை, படத்தின் நாயகனும் தயாரிப்பாளருமான டக்ளஸுக்குச் சரிப்படவில்லை. கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களுக்கு வேலை தராமல் ஹாலிவுட் ஒதுக்கிவைத்த கறுப்புப் பட்டியலில் இருந்த, தானும் சிறை பார்த்த டால்டன் டிரம்போ வேறு பெயரில் எழுதினார். கடைசியில் டிரம்போவின் சொந்தப் பெயரையே திரையில் போட்டார்கள். கறுப்புப் பட்டியலின் முதுகெலும்பு முறிந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வலதுசாரி அமைப்பினர் திரையரங்க வாசல்களில் மறியல் செய்தார்கள். 1961 பிப்ரவரியில் புது ஜனாதிபதி கென்னடி மறியலைத் தாண்டி உள்ளே போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தார். மலைச்சரிவுக் காட்சி இந்த மனிதர்கள் பட்டதிலிருந்து பிறந்தது. ஆனால் ஸ்பார்டகஸை நடுவில் நிறுத்தி, சிலுவையில் ஏற்றி, மனைவியும் குழந்தையும் கீழே நின்று பார்க்கவைத்ததில் நாவலின் உயிர்நாடி போய்விட்டது. படத்தில் ஸ்பார்டகஸை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். நாவலில் அவனைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

மீதி வாழ்க்கையில் அவர் எழுதித் தள்ளினார். மொத்தம் 80 புத்தகங்களுக்கு மேல். ஈ. வி. கன்னிங்ஹாம் என்ற புனைபெயரில் துப்பறியும் கதைகள் மட்டுமே ஒரு வரிசை. 1961-இல் வந்த 'ஏப்ரல் மார்னிங்' லெக்சிங்டனில் அமெரிக்கப் புரட்சியின் முதல் குண்டு வெடித்த ஒரே ஒரு நாளை, 15 வயதுப் பையனின் வாயால் சொல்கிறது. சின்ன நாவல், ஆனால் கச்சிதம். அமெரிக்கப் பள்ளிகளில் அதைப் பாடமாகவே வைத்தார்கள். எந்தக் கையால் எழுதியது பிள்ளைகளுக்குத் தகாது என்றார்களோ அதே கை. 1977-இல் தொடங்கிய 'தி இமிக்ரன்ட்ஸ்' வரிசைதான் அவருக்கு மறுபடி பெரும் பணம் கொண்டுவந்தது. சான் பிரான்சிஸ்கோவில் மீனவனாகத் தொடங்கிக் கோடீஸ்வரனாகும் ஒருவனின் குடும்பக் கதை. நடை மெகா சீரியலுக்கு அருகில் போய்விடுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குடும்பத்துப் பெண் பார்பராவை விசாரணைக் குழு கூப்பிடும் இடத்தில் நடை திடீரென்று இறுகுகிறது. துலூஸ் மருத்துவமனைக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர் கேட்கிறார்கள். அவள் மறுக்கிறாள். சிறைக்குப் போகிறாள்.

1990-இல் 'பீயிங் ரெட்' என்ற தன்வரலாற்றை எழுதியபோது ஃபாஸ்ட் கையில் இன்னொரு புத்தகமும் இருந்தது. அது அவர் எழுதியது இல்லை. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கிய, எஃப்.பி.ஐ. அவரைப் பற்றித் தொகுத்த கோப்பு. சுமார் 1100 பக்கம். எந்தக் கூட்டத்தில் பேசினார், யாருக்காகக் கையெழுத்துப் போட்டார், எந்த அகதிக்குப் பணம் திரட்டினார் என்று வருடக்கணக்காகப் பின்னாலேயே வந்து எழுதிவைத்திருந்தார்கள். அதில் ஒரு குற்றத்தைக் கூடக் காணோம். ஏழைகளுக்கும் ஒடுக்கப்பட்டவர்களுக்கும் என்னால் முடிந்ததைச் செய்தேன் என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சான்று வேண்டுமென்றால் இந்தக் கோப்பையே விட்டுச் செல்வேன் என்று அவர் தன்வரலாற்றில் எழுதுகிறார். 2003 மார்ச் 12-இல், 88 வயதில், கனெக்டிகட்டில் தன் வீட்டில் இறந்தார்.